நடவு நேரத்தில் யார் வருவார்?

நேயர்களுக்கு வணக்கம். மன்னார்குடிப் பக்கம் டிராக்டர் வாங்கக் கிளம்பும் ஒருவரிடம் எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்டால், "எதற்கு மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறாரோ, அது" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். ஒரு விவசாயியாக, அந்தப் பதிலில் உள்ள நியாயத்தை இன்று சொல்ல விரும்புகிறேன்.

வழக்கப்படி ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் வயலுக்கு வந்து சேர்ந்ததும், ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் சேற்றுழவு தொடங்குகிறது. குறுவை நெல் பருவத்துக்கு விடும் குறுகிய கால ரகங்களின் நாற்றை ஏறக்குறைய 25 நாளுக்குள் பறித்து நட்டுவிட வேண்டும். நாற்று முற்றினால் தூர் கட்டுவது, அதாவது அடியிலிருந்து பக்கக் கிளைகள் வெடிப்பது, குறைந்து, அந்த இழப்பு அறுவடை வரை தொடரும். ஆகவே அந்தச் சில நாட்களில் வண்டி நின்றால், வாடகைக்குக்கூட வேறு வண்டி கிடைப்பது அரிது.

என் வயலிலேயே அது நடந்தது. சேற்றுழவுக்கான கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டி உழுதுகொண்டிருந்தபோது, முன்சக்கரத்தில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீல் தேய்ந்து, சேற்றுத் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. அடைப்பானைத் திறந்தால் எண்ணெய் மோர்போல வெளுத்து வழிந்தது. சில நூறு ரூபாய்ப் பொருள்தான். ஆனால் வண்டியை விற்ற முகவர், அது சென்னையிலிருந்து வரவேண்டும் என்று சொல்லி, நான்கு நாள் காக்க வைத்தார். அதே வாரத்தில் அடுத்த வயல்காரரின் வேறு கம்பெனி வண்டி நின்றபோது, அன்று மாலையே மெக்கானிக் பைக்கில் சீலோடு வந்து, வரப்பில் சாக்கை விரித்து உட்கார்ந்து, இருட்டுவதற்குள் வேலையை முடித்துக் கொடுத்தார். என் அடுத்த வண்டி எது என்பது அந்த வரப்பிலேயே முடிவாகிவிட்டது.

ஒரு தெரு முழுக்க ஒரே நிற டிராக்டர்களாக நிற்பதைப் பார்த்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் வாங்குகிறார்கள் என்று நானும் ஒரு காலத்தில் குறைவாக நினைத்திருக்கிறேன். அது தவறான எண்ணம். ஒரே வண்டி பலரிடம் இருந்தால் உள்ளூர் மெக்கானிக்குக் கை பழகுகிறது, கடைக்காரர் துணிந்து உதிரி பாகம் வாங்கி வைக்கிறார், விற்கும்போதும் வாங்க ஆள் இருக்கிறது. சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாசி பெர்குசன் டிராக்டர் இங்கே பல தலைமுறை மெக்கானிக்குகளுக்குப் பழக்கமாகியிருப்பதும் இப்படித்தான். பஞ்சாபில் பிறந்த ஸ்வராஜ் டிராக்டர் நிறுவனத்தை 2007இல் மகிந்திரா வாங்கிய பிறகும், அந்தப் பெயரையும் அதன் முகவர்களையும் தனியாகவே வைத்திருக்கிறது. விவசாயி நம்பிப் போகும் கடை எவ்வளவு மதிப்புள்ளது என்பதை நிறுவனங்களும் அறிந்தே இருக்கின்றன என்றே நான் கருதுகிறேன்.

எனவே வாங்கப்போகும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். ஷோரூமில் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன், உதிரி பாகம் விற்கும் பக்கம் போய், நீங்கள் வாங்க நினைக்கும் மாடலுக்கு ஆயில் சீலும் கிளட்ச் தட்டும் கையிருப்பில் உள்ளனவா, எடுத்துக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். உங்கள் ஊருக்கு வரும் மெக்கானிக்கின் பெயரையும் கேட்டு, ஏற்கெனவே அந்த வண்டி வைத்திருப்பவரிடம், சென்ற குறுவையில் அவர் எத்தனை மணி நேரத்தில் வந்தார் என்று விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். நன்றி, வணக்கம்.