சொம்பு நிரம்பிய பகல்

(குடியிருப்போர் நலச்சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, வார்டு வேலைகளுக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு எழுத்தறிவித்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே, பந்தலும் ஒலிபெருக்கியும் கட்டிய தம்பிகளே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். சென்ற மழையில் முழங்கால் தண்ணீரில் நின்று கால்வாய் அடைப்பை எடுக்கவைத்த உறுப்பினருக்கு இந்த மேடையில் தனியாக ஒரு நன்றி. அவருக்குப் பொன்னாடை அணிவித்த செயலாளருக்கும் நன்றி.

‘வீட்டில் ஓர் அமைதியான நாள்’ என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறீர்கள். மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: அமைதி நம் காதுக்குச் செய்யும் நன்மை, தனியே உண்ணும் சோற்றின் ருசி, மதிலுக்கு மேலாகப் பேசும் பேச்சு. சிறுதுளி பெருவெள்ளம் என்பது என் தந்தை வாய் ஓயாமல் சொன்ன பழமொழி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சென்ற வியாழக்கிழமை வீட்டில் எல்லோரும் ஒரு கல்யாணத்திற்காக ஊருக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும்தான். அன்றைக்கென்று பராமரிப்புப் பணிக்காக மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். மின்விசிறி இல்லை, தொலைக்காட்சி இல்லை, எதிர்வீட்டு மோட்டாரும் இல்லை. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டொக்... டொக்... சமையலறையில் தேடினேன், இல்லை. குளியலறையிலும் இல்லை. கொல்லைப்புறத்தில், துவைக்கிற கல்லுக்கு மேலே இருக்கும் குழாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நொடிக்கு ஒரு சொட்டு. எத்தனை நாளாகச் சொட்டியதோ, கல்லில் பாசி படர்ந்திருந்தது.

மணி பதினொன்று. ஒரு லிட்டர் பித்தளைச் சொம்பைக் கீழே வைத்தேன். பழைய சோற்றையும் மாவடுவையும் எடுத்துக்கொண்டு அங்கேயே படியில் உட்கார்ந்தேன். ஓர் அணில் வந்து சொம்பின் விளிம்பில் காலை வைத்து எட்டிப் பார்த்தது. பாத்திரச் சத்தம் கேட்டு மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுப் பெரியம்மா, “யாருமில்லாத வீட்டில் என்ன தம்பி செய்கிறாய்?” என்றார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “என் மாமியார் காலத்தில் இந்தக் கிணற்றில் குனிந்து கையாலேயே மொண்டோம். பிறகு அதே கிணற்றை மூடி, மேலே கார் நிறுத்தினோம். 2019இல் எழுபத்தைந்து வயதில் லாரித் தண்ணீருக்கு இரண்டு குடத்தோடு இரவு இரண்டு மணிக்கு வரிசையில் நின்றேன், தம்பி” என்றார்.

அந்த ஆண்டு உங்களுக்கும் நினைவிருக்கும். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2015 டிசம்பரில், இதே சென்னையில் படகில் ஏறி உயிர் பிழைத்தோம். வந்த வெள்ளம் அத்தனையும் எங்கே போயிற்று? கடலுக்கு!

ஐந்து மணிக்குச் சொம்பு நிரம்பி வழிந்தது. ஆறு மணி நேரத்தில் ஒரு லிட்டர் என்றால் நாளுக்கு நான்கு, ஆண்டுக்கு 1,460 லிட்டர். சிறுதுளி பெருவெள்ளம்! மறுநாள் வாஷர் மாற்றினேன்; அது சின்ன வேலை. பெரிய வேலை மாடியில் இருக்கிறது. நூறு சதுர மீட்டர் மொட்டை மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் நூறு லிட்டர். ஒரே இரவில் ஐம்பது மில்லிமீட்டர் பெய்தால் ஐயாயிரம் லிட்டர். அதை மண்ணுக்குள் இறக்கத்தானே 2003இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு ஆணையிட்டது? தொட்டி கட்டினோம். அதற்குப் பிறகு எத்தனை பேர் மூடியைத் திறந்து பார்த்தோம்? என் வீட்டுத் தொட்டியை அன்று மாலை திறந்தேன். தண்ணீரை வடிகட்டப் போட்ட ஜல்லி தெரியவில்லை, சேறும் மாவிலையும் இறுகிக் கிடந்தன. அதில் தண்ணீர் எப்படி இறங்கும்?

தாய்மார்களே, மூடியைத் திறங்கள். ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்து அலசிக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். மாடிக் குழாயின் வாயில் வலை கட்டுங்கள். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு அடுத்த மழையிலிருந்து உள்ளே திருப்புங்கள். உறுப்பினர் அவர்களே, அள்ளிப்போடும் சேற்றை எடுத்துச் செல்ல மாநகராட்சி வண்டி ஒன்றை அனுப்பித் தர வேண்டும். இதை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். ஐப்பசி அடைமழைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு என் வீட்டிலும் பெரியம்மா வீட்டிலும் தொடங்குகிறோம். மண்வெட்டி இரண்டு இருக்கிறது, கூடை நான்கு இருக்கிறது. கடப்பாரை உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். வணக்கம்.