ஓடும் ஓட்டையும்

எல்லோருக்கும் வணக்கம்.

இன்றைக்கு நாம் பேசப் போகும் உயிரிக்கு மூளை கிடையாது, வாய் கிடையாது. உடம்பு முழுக்க ஒரே ஒரு செல்தான். ஆனால் அறை அறையாக வீடு கட்டத் தெரியும். ஃபோராமினிஃபெரா என்று பெயர். லத்தீனில் 'துளை தாங்கி' என்று பொருள். நம் மொழியில் இன்னும் வசதி: ஓடும் உண்டு, அதில் ஓட்டையும் உண்டு.

1826-ல் இந்தப் பெயரைத் தந்தவர் பிரான்சைச் சேர்ந்த அல்சீட் தோர்பினி. பெயர் நிலைத்தது. ஆனால் அவர் இவற்றைச் சேர்த்த இடம் கணவாய் மீன்களின் கூட்டம்! ஓட்டின் சுருளைப் பார்த்தால், கணவாயின் உறவான, சுருள் ஓட்டில் வாழும் நாட்டிலஸின் குட்டி போலவே இருக்கும், அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 1835-ல் டுஜார்டின் என்ற இன்னொரு பிரெஞ்சு அறிஞர் உயிருள்ளவற்றைக் கவனித்தார். உள்ளே இருந்தது கூழ் மாதிரியான ஒரு பொருள் மட்டும். கணவாய் உறவு அதோடு முறிந்தது.

சரி, எப்படி வகைப்படுத்துகிறார்கள்? முதலில் ஓட்டின் சுவர். சில உயிரிகள் மணல் துகள்களைப் பொறுக்கி ஒட்டிக்கொள்ளும். சிலவற்றின் சுவர் பீங்கான் போலப் பளபளக்கும். சிலவற்றின் சுவர் கண்ணாடி போல, நுண்துளைகளோடு இருக்கும். அப்புறம் அறைகளின் அடுக்கு, வாய்த்துளை, அதாவது ஓட்டின் திறப்பு, இருக்கும் இடம், மேல்தோற்றம்.

கேட்க எளிதாக இருக்கிறது. மேஜையில் உட்கார்ந்தால் தெரியும். கடலடிச் சேற்றைப் பெரும்பாலும் 63 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) சல்லடையில் அலசி, காயவைத்து, கறுப்புத் தட்டில் தூவி, ஈரத் தூரிகையின் நுனி மயிரால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்க வேண்டும். பக்கத்தில் யாராவது தும்மினால் அரை நாள் உழைப்பு போச்சு.

தும்மலை விடப் பெரிய தொல்லை, இந்த உயிரி நம்மை ஏமாற்றும் விதம். இதன் வாழ்க்கையில் இரண்டு தலைமுறைகள் மாறி மாறி வரும். பாலினச் சேர்க்கையில் பிறந்தது மிகச் சிறிய முதல் அறையோடு தொடங்கும். பாலினமில்லாமல் பிறந்ததற்கு முதல் அறை பெரியது. நம்முலைட்டிஸ் பேரினத்தில் சிறிய அறையோடு தொடங்கியதுதான் வளர்ந்து மிகப் பெரிதாகும். இரண்டும் அத்தனை வேறாகத் தெரிவதால், தாய்க்கும் பிள்ளைக்கும் தனித்தனி இனப்பெயர் வைத்திருந்தார்கள்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு, எனக்குப் பிடித்தது அதுதான். 1758-ல் லின்னேயஸ் பெயரிட்ட ஒரு சிறு சுருள் ஓடு, இன்றைக்கு அம்மோனியா பெக்காரி. ஏட்ரியாடிக் கடற்கரைக்கு உரியது. பிறகு உலகத்தின் எந்தக் கழிமுகத்தில் இந்தச் சாயலில் எது கிடைத்தாலும் அதே பெயரை ஒட்டினார்கள். 2004-ல் வெளியான ஓர் ஆய்வு, மரபணுவை வைத்து அம்மோனியாவில் 13 வகைகளைப் பிரித்துக் காட்டியது. அதன் பிறகு அதே ஓடுகளை அளந்து பார்த்தால் வேறுபாடு ஓட்டிலும் இருக்கிறது! அது ஒளிந்துகொள்ளவில்லை, நாம்தான் 'இது தெரிந்த முகம்' என்று கடந்து போயிருக்கிறோம்.

கடலில் மிதந்து வாழும் நியோகுளோபோகுவாட்ரினா பேக்கிடெர்மா என்ற இனத்திலும் இதே கூத்து. குளிர்ந்த நீரில் இடப்பக்கம் சுருளும், சற்று வெதுவெதுப்பான நீரில் வலப்பக்கம் சுருளும் என்று நம்பி, அந்தச் சுருளை வைத்தே பழைய கடலின் வெப்பத்தைக் கணித்தார்கள். வலப்பக்கம் சுருள்வது வேறு இனம் என்று மரபணு சொன்னது. இப்போது அதன் பெயர் நியோகுளோபோகுவாட்ரினா இன்கம்ப்டா. நல்லவேளை, இரண்டும் வெவ்வேறு வெப்பத்தை விரும்புவதால் கணக்கு பெரிதாகக் கெடவில்லை.

ஆகவே, பெயர் என்பது அன்றைய கருத்து என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களில் திரட்டிய ஃபோராமினிஃபெராக்களைப் பற்றி 1884-ல் ஹென்றி பிரேடி 115 படத்தட்டுகளோடு ஓர் அறிக்கை வெளியிட்டார். 1994-ல் அந்தப் படங்களை அப்படியே வைத்துக்கொண்டு பெயர்களை இன்றைய நிலைக்குத் திருத்தி ஒரு நூல் வந்தது. நூற்றுப் பத்து ஆண்டுகளில் எத்தனையோ பெயர்கள் மாறிவிட்டன, படங்கள் இன்றும் பயன்படுகின்றன.

உங்களில் யாராவது நாளைக்கு ஓர் ஓட்டினைப் பதிவு செய்தால், எடுத்த இடம், ஆழம், தேதி மூன்றையும் எழுதுங்கள். சுருள் ஓடு என்றால் இரண்டு பக்கமும் விளிம்பும் தெரிகிற மாதிரி மூன்று படம் எடுங்கள். அந்த ஓட்டினையே பத்திரமாக வையுங்கள். இனம் பிடிபடவில்லையா? 'அம்மோனியா, இனம் உறுதியில்லை' என்று தயங்காமல் எழுதிவிடுங்கள்.