பாசனக் குறைப்பும் கிடங்கில் ஆப்பிளின் தாக்குப்பிடிப்பும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், காஸ்கேட் மலைத்தொடருக்குக் கிழக்கே உள்ள யாக்கிமா பள்ளத்தாக்கில், ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 200 மில்லிமீட்டர்தான். அங்கே ஆப்பிள் விளைவதெல்லாம் மலைப்பனி உருகி வாய்க்கால் வழியே வந்து சேரும் நீரால்தான். 2015-இல் மலையில் மழை பெய்ததே தவிர, பனி போதிய அளவு படியவில்லை. நீருரிமை வரிசையில் பின்னால் நின்ற, அதாவது முன்பே உரிமை பெற்றவர்களுக்குப் பிறகே நீர் பெறும் விவசாயிகளுக்கு வழக்கமான பங்கில் பாதிகூடக் கிடைக்கவில்லை. கோடைக் கடைசிக்கு மிச்சம் வைப்பதற்காக, மே மாதத்தில் சில வாரங்கள் ஒரு வாய்க்காலையே அடைத்தார்கள்.

மே மாதம் என்பதைக் கவனியுங்கள். பூத்து முடிந்த முதல் ஆறேழு வாரங்களில்தான் பிஞ்சுக்குள் செல்கள் பிரிந்து பெருகுகின்றன. அதன்பின் அறுவடை வரை அவை பெரும்பாலும் நீரை ஏற்றுப் பருக்கின்றன. முதற்கட்டத்தில் மரம் கடுமையாக வாடினால், இழந்த செல் எண்ணிக்கையைப் பிறகு எவ்வளவு நீர் பாய்ச்சினாலும் ஈடுகட்ட முடியாது. பழத்துக்கு வேண்டிய கால்சியத்தில் பெரும்பங்கும் அந்த நாட்களில்தான் நீரோட்டத்தோடு ஏறுகிறது. எனவே, எவ்வளவு குறைத்தோம் என்பதைவிட எப்போது குறைத்தோம் என்பதையே நான் முதலில் கேட்பேன்.

செல் பெருக்கம் முடிந்த பிறகு அளவோடு குறைத்தால் கதை வேறு. பழம் சிறுக்கும், அதை மறைப்பதற்கில்லை. பெரிய பழத்துக்கே நல்ல விலை தரும் சந்தையில் இது விவசாயியின் வயிற்றில் அடிக்கும் செய்திதான். ஆனால் சிறிய பழத்தின் சதை அடர்ந்து இறுகியிருக்கும், சர்க்கரையும் செறிந்திருக்கும். நியூசிலாந்தின் மாசி பல்கலைக்கழகத்தினர் பிரேபர்ன் ரகத்தில் நடத்திய ஆய்வுகளில், நீர் குறைத்து வளர்த்த பழங்கள் பறித்தபோது மட்டுமன்றிக் குளிர்பதனக் கிடங்கில் இருந்த பிறகும் கூடுதல் உறுதியோடு இருந்தன. எடையிழப்பும் குறைவாகவே இருந்தது. ஆப்பிள் தன் எடையில் ஏறத்தாழ 5 விழுக்காட்டை இழந்தாலே தோல் சுருங்கத் தொடங்கிவிடும் என்பதால், மாதக்கணக்கில் வைத்து விற்பவருக்கு இது சின்ன ஆதாயமன்று.

ஹனிகிரிஸ்ப் ரகத்தைப் பாடாய்ப் படுத்தும் பிட்டர் பிட் கோளாறும் இதோடு தொடர்புடையது. பழம் அளவுமீறிப் பருத்தால் உள்ளிருக்கும் கால்சியம் நீர்த்துப்போகிறது. பறிக்கும்போது பழுதின்றித் தெரிந்த பழத்தில், சில வாரங்களில், காம்புக்கு எதிர்ப்புற நுனியை ஒட்டிப் பழுப்புக் குழிகள் தோன்றுகின்றன, அவற்றின் அடியில் சதை தக்கையாகிக் கிடக்கிறது. பிந்தைய கட்டத்தில் நீரைக் கட்டுப்படுத்திப் பழம் ஊதாமல் பார்த்துக்கொண்டால் இக்கோளாறு குறைகிறது. அதற்காக மரத்தை இலை சுருளும்வரை காயவிட்டால், வெயில் நேரே பட்டுத் தோல் வெந்த பழங்களைக் கழித்துக்கட்ட வேண்டியிருக்கும்.

இன்னொன்று, பலர் கோட்டைவிடும் இடம். நீர் குறைந்த மரத்தின் பழம் சில நாட்கள் முன்னதாகவே, பழுக்கத் தூண்டும் எத்திலீன் வாயுவை வெளியிட்டு முதிரத் தொடங்கக்கூடும். நாட்காட்டியைப் பார்த்துப் பறித்தால், கிடங்குக்குப் போகும்போதே அதன் ஆயுளில் ஒரு பகுதி கழிந்திருக்கும். எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று அறிய, ஆப்பிளைக் குறுக்கே வெட்டி அயோடின் கரைசலில் தோய்த்தால், மாவுச்சத்து எஞ்சிய இடம் கருநீலமாகும், சர்க்கரையாக மாறிய நடுப்பகுதி வெளுத்தே நிற்கும். நீர் குறைத்த வரிசைகளுக்கு இச்சோதனையைத் தனியே, வழக்கத்தைவிட முன்கூட்டியே தொடங்கி, நீண்ட நாள் சேமிப்புக்கான பழங்களை வெளிவட்டம் கருமையாக இருக்கும்போதே பறித்துவிட வேண்டும்.