அரண்மனை இல்லாத அரண்மனைக்காரன் தெரு

(வாசகர் கூட்டமொன்றில் பேசியது. எழுத்தாக்கும்போது அங்கங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்.)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சென்னை நாளை ஒட்டிய கூட்டம், அதனால் கோட்டையைப் பற்றிப் பேசுங்கள், இல்லையென்றால் மெரினாவைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். அதற்கெல்லாம் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு தெருவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தெரு என்பதுகூட ஒரு மரியாதைக்குத்தான். எதிரெதிரே இரண்டு மீன்பாடி வண்டி வந்துவிட்டால், யார் பின்னால் போவது என்ற பஞ்சாயத்திலேயே அரை மணி நேரம் ஓடிவிடும்.

உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, தம்புச் செட்டித் தெருவுக்கும் பிராட்வேக்கும் நடுவில் இருக்கிறது அரண்மனைக்காரன் தெரு. இருபது வயதில் நான் ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒன்றில் புரூஃப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பக்கம் நடப்பது வழக்கம். "எந்த ராஜாவோட அரண்மனை அண்ணே இங்க இருந்துச்சு?" என்று எங்கள் அச்சுக்கோப்பாளரிடம் ஒருநாள் கேட்டேன். கையில் இருந்த ஈய எழுத்திலிருந்து அவர் கண்ணை எடுக்கவே இல்லை. "ஆற்காட்டு நவாபா இருக்கும்" என்றார். நம்பினேன். பத்து வருஷம் நம்பினேன். கேட்டவர்களுக்கெல்லாம் நவாப் என்று சொல்லியும் வைத்தேன். அந்தப் பாவத்துக்குப் பரிகாரம்தான் இந்தப் பேச்சு.

அங்கே எந்த அரண்மனையும் இருந்ததில்லை. ஆர்மீனியர்கள் இருந்தார்கள், பாரசீகப் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்த கிறித்தவர்கள். ஆர்மீனியக்காரன் தெரு நம் நாக்கில் புரண்டு புரண்டு அரண்மனைக்காரன் தெருவாகிவிட்டது. ஹாமில்டன் பாலம் அம்பட்டன் பாலமான கதை உங்களுக்கே தெரியும். வெள்ளைக்காரர்கள் மட்டும் சும்மா இருந்தார்களா? நம் மாம்பலத்தை அவர்கள் 'மார்மலாங்' ஆக்கினார்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் கட்டிய பாலத்துக்கு மார்மலாங் பாலம் என்றே பெயர். சொந்தப் பணத்தில் அதைக் கட்டிக் கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். பரங்கிமலை மேலே ஏறப் படி போட்டவரும் அவர்தான். 1751இல் அவர் இறந்தபோது உடலை வேப்பேரியில் புதைத்தார்கள். இதயத்தை மட்டும் ஒரு பெட்டியில் வைத்து, பிறந்த ஊருக்கு, பாரசீகத்து ஜுல்ஃபாவுக்கு அனுப்பினார்கள். பழைய பாலம் போய் மறைமலை அடிகள் பாலம் வந்துவிட்டது. அவர் வைத்த கல்வெட்டு மட்டும் இன்னும் பக்கத்தில் நிற்கிறது. தினமும் பஸ்ஸில் கடக்கிற கல்தான்.

ஜுல்ஃபா என்றேன். ஆர்மீனியர்களின் பழைய ஊர் ஒன்றின் பெயர் அது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் அந்த ஊர்க்காரர்களை அப்படியே பெயர்த்து, தன் தலைநகர் இஸ்ஃபஹானுக்குப் பக்கத்தில் குடியேற்றினார். ஊர் போயிற்று, பெயரை மட்டும் கொண்டுவந்து புது இடத்துக்கு வைத்துக்கொண்டார்கள். பட்டு, துணி, ரத்தினம் என்று வியாபாரத்தில் உலகத்தைச் சுற்றியவர்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இவர்களைக் கையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கணக்குப் போட்டு, 1688இல் லண்டனில் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். கம்பெனியின் எந்த ஊரிலாவது நாற்பது ஆர்மீனியர்கள் குடியேறினால், கோயில் கட்ட நிலம் தருவோம், பாதிரியாருக்கு ஏழு வருஷம் ஆண்டுக்கு ஐம்பது பவுண்டு தருவோம். பக்தியில் செய்ததல்ல, சுத்தமான வியாபாரம். ஆள் வந்தால் சரக்கு வரும்.

சென்னைக்கும் வந்தார்கள். 1712இல் முதல் கோயில் எழுந்தது. இப்போது உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில்தான் அப்போது கறுப்பர் நகரம், அதாவது கோட்டைக்கு வெளியே நம்மவர்கள் குடியிருந்த பகுதி, இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். 1749இல் ஊர் கைக்குத் திரும்பியதும் ஆங்கிலேயர்களுக்கு எல்லார் மேலும் சந்தேகம். ஆர்மீனியர்களும் கத்தோலிக்கர்களும் கோட்டைக்குள் குடியிருக்கக் கூடாது என்று வெளியேற்றினார்கள். வரவழைத்தவர்களே வாசலைக் காட்டினார்கள். அப்புறம், கோட்டையைச் சுற்றிப் பீரங்கி சுடத் தோதாக வெட்டவெளி வேண்டும் என்று பழைய கறுப்பர் நகரத்தையே இடித்துத் தள்ளினார்கள். சனங்கள் வடக்கே நகர்ந்தார்கள். அங்கே ஆர்மீனியர்களுக்குச் சொந்தமாக மிச்சமிருந்தது இடுகாடு. 1772இல் அதன்மேல் புதிய மாதா கோயிலைக் கட்டினார்கள். இன்று நீங்கள் பார்க்கும் கோயில் அதுதான்.

உள்ளே போனால் காலுக்குக் கீழே முழுக்கக் கல்லறைக் கற்கள். ஒவ்வொன்றிலும் நமக்குப் புரியாத எழுத்து. மணிக்கூண்டு கோயிலை ஒட்டாமல் தனியாக நிற்கும், ஆறு மணிகளோடு. தெருவில் எவ்வளவு சத்தம் இருந்தாலும் அந்த மதிலுக்குள் காது குளிர்ந்துவிடும். இதே தெருவில் அந்தோணியார் கோயில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள், எல்லா மதத்துக்காரர்களும் மெழுகுவத்தியோடு நிற்பார்கள். கச்சாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. அன்னி பெசன்ட் அம்மையார் ஹோம் ரூலுக்காக முழங்கிய கோகலே மன்றமும் இங்கேதான். அதை இடிப்பதா வேண்டாமா என்று வழக்கு வரைக்கும் போனது. பெசன்ட் அம்மையாரைப் பற்றிப் பேசத் தனியாக ஒரு மாலைப் பொழுது வேண்டும். இன்றைக்கு விட்டுவிடுகிறேன்.

எனக்கு முக்கியம் அச்சு. அச்சகத்தில் வேலை பார்த்தவன், புத்தி அங்கேதான் போகும்.

சென்னையில் ஷாஹாமிர் ஷாஹாமிரியன் என்று ஒரு பெரும் வணிகர். 1770களின் தொடக்கத்தில் இங்கே ஓர் ஆர்மீனிய அச்சகம் வைத்தார். அதில் அச்சான நூல்களில் ஒன்று, 521 பிரிவுகள் கொண்ட ஓர் அரசியல் சட்டம். எந்த நாட்டுக்கு? சுதந்திர ஆர்மீனியாவுக்கு. அப்படி ஒரு நாடு அப்போது கிடையாது. ஆர்மீனியர் நிலத்தைப் பாரசீகமும் துருக்கியும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. ராஜா வேண்டாம், மக்கள் தேர்ந்தெடுத்த சபை ஆளட்டும் என்று இங்கே வெயிலில் உட்கார்ந்து எழுதினார்கள். நூலின் முகப்பில் 1773 என்று போட்டிருக்கிறது. உண்மையில் அச்சானது 1780களின் கடைசியில் என்கிறார்கள் ஆய்வாளர்கள். நூலாசிரியராகப் பெயர் இருப்பது ஷாஹாமிரின் மகன் ஹாகோப்புக்கு.

அந்த ஹாகோப் 1774இல் மலாக்காவில் இறந்துபோனார். வயது இருபத்தொன்பது. கல்லறைக் கல் இன்னும் அங்கே கிறிஸ்து தேவாலயத்தில் இருக்கிறது. பொதுவாகக் கல்லறையில் என்ன எழுதுவார்கள்? எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று எழுதுவார்கள். இதில் எழுதியிருப்பது வேறு. இதைப் படிக்கிறவரே, என் மக்களுக்கு விடுதலை கிடைத்துவிட்டதா, சேதி சொல்லுங்கள் என்று கேட்கிறது அந்தக் கல். நான் இதை முதலில் படித்த அன்று, கையில் இருந்த பத்திரிகை புரூஃபில் மணமகன் பெயரையே கவனிக்காமல் விட்டுவிட்டேன். முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

கல் சேதி கேட்டது 1774இல். இருபது வருஷம் கழித்து அதே சென்னையில், உலகத்தின் முதல் ஆர்மீனிய இதழ் வெளிவந்தது. பெயர் 'அஸ்தரார்'. அறிவிக்கிறவன், சேதி சொல்கிறவன் என்று பொருள். மலாக்காக் கல்லுக்குப் பதிலாக யாரும் அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் எனக்கு ஒன்றை நினைக்காமல் மற்றதை நினைக்க முடிவதில்லை.

அதை நடத்தியவர் ஹாருத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார், ஷிராஸ் ஊர்க்காரர். ஒரே வாரத்தில் இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தில் துறவிகளோடு ஒதுங்கி வாழ்ந்து, பாரசீக மொழியை ஆழக் கற்று, பிறகு இங்குள்ள ஆர்மீனியர்களுக்குக் குருவாக வந்தார். தானே ஓர் அச்சகம் வைத்தார். 1794 அக்டோபர் 16 அன்று அஸ்தராரின் முதல் இதழ் வந்தது. துறைமுகத்துக்கு வந்த கப்பல்கள், வியாபாரச் செய்தி, ஆங்கிலத் தாள்களிலிருந்து எடுத்துப் போட்டவை, கடிதங்கள். மொத்தம் 18 இதழ்கள். 1796இல் நின்றுவிட்டது. சிற்றிதழ் நடத்தியவர்கள் இந்த அவையில் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். பதினெட்டு இதழ் கொண்டுவருவது என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் பக்கத்துக் கணக்கையும் பாருங்கள். இந்த ஊரின் முதல் செய்தித்தாள் 'மெட்ராஸ் கூரியர்' வந்தது 1785இல், ஆங்கிலத்தில். ஒன்பதே வருஷத்தில் ஆர்மீனிய மொழியில் ஓர் இதழ். தமிழில் முதல் இதழ் என்று சொல்லப்படுவது 1831இல், அதுவும் கிறித்தவ சபைக்காரர்கள் நடத்தியது. நம் ஊரில் நம் மொழிக்கு முப்பத்தேழு வருஷம் முன்னால் இவர்கள் இதழ் போட்டுவிட்டார்கள். கேட்கும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. இந்தியர்கள் அச்சகம் வைப்பதற்கு இருந்த கட்டுப்பாடுகள் 1835இல்தான் தளர்ந்தன என்று சமாதானம் சொல்லலாம். இன்னொரு சமாதானமும் உண்டு, அது எங்கள் தொழில் சமாதானம்: அவர்கள் எழுத்து மொத்தம் முப்பத்தெட்டு. தமிழ் ஈய எழுத்துகளைக் கேஸில், அதாவது அறை அறையாகப் பிரித்த பெட்டியில், அடுக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த முப்பத்தெட்டின் அருமை தெரியும்.

ஷ்மாவோனியன் 1824இல் இறந்தார். கல்லறை இந்தக் கோயில் வளாகத்திலேயே இருக்கிறது, விரித்த புத்தகம் ஒன்று செதுக்கியிருக்கும். ஆர்மீனியா இன்று தனி நாடு. அங்கே ஒவ்வொரு வருஷமும் பத்திரிகை நாள் கொண்டாடுகிறார்கள். எந்தத் தேதியில் தெரியுமா? அக்டோபர் 16. எரெவானில் பத்திரிகைக்காரர்களுக்குப் பூச்செண்டு கொடுக்கிற அன்றைக்கு நம் தெருவில் வழக்கம்போல ஹாரன் சத்தம்தான். நிரந்தரமாகக் குடியிருக்கிற ஆர்மீனியர் என்று இப்போது சென்னையில் அநேகமாக யாரும் இல்லை. கோயிலைப் பார்த்துக்கொள்வது கொல்கத்தாவில் இருக்கும் அவர்கள் சமூகம்.

பிறகு எங்கள் அச்சுக்கோப்பாளர் அண்ணனை ஒருநாள் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு அப்போது கண் மங்கிவிட்டது. கல்லறை எழுத்தின் மேல் விரலை வைத்து, அச்சுக் கட்டையைத் தடவுவது மாதிரி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "நல்லா வெட்டியிருக்கான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நவாப் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சரி, டீ வாங்கித் தா" என்றார்.

வருகிற அக்டோபர் 16 அன்று காலையில் போகலாம் என்று இருக்கிறேன். மதியத்துக்கு மேல் கதவைச் சாத்திவிடுவார்கள், அதனால் சீக்கிரம் வாருங்கள். பாரிமுனையில் இறங்கி ஆர்மீனியன் தெரு என்று கேட்டாலும் வழி சொல்வார்கள், அரண்மனைக்காரன் தெரு என்று கேட்டாலும் சொல்வார்கள்.