போஸ்டர் பறித்துக்கொண்ட ஊர்

வணக்கம் நண்பர்களே. ‘டை ஹார்ட்’ பார்த்திருப்பீர்கள். வில்லன் கேள்வி கேட்டுவிட்டு சட்டென்று சுட்டுத் தள்ளுவானே, அந்த நிறுவனத் தலைவர் டக்காகி நினைவிருக்கிறதா? நடித்தவர் ஜேம்ஸ் ஷிகேடா, ஹவாயில் பிறந்த அமெரிக்கர். அதற்கு 29 ஆண்டுகளுக்கு முன்பே அவர் ஒரு க்ரைம் படத்தின் கதாநாயகன்.

1959-இல் சாமுவேல் ஃபுல்லர் எடுத்த ‘தி கிரிம்சன் கிமோனோ’ தான் அது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு நடனக்காரி நடுத்தெருவில் சுடப்பட்டுச் சாகிறாள். துப்பறிகிறவர்கள் ஜோ, சார்லி என்று இரண்டு போலீஸ்காரர்கள். கொரியப் போரில் ஒன்றாக இருந்தவர்கள், இப்போதும் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். ஜோ ஜப்பானிய வம்சாவளி, சார்லி வெள்ளைக்காரர். இருவருமே கிறிஸ் என்ற ஓவியரைக் காதலிக்கிறார்கள். அவள் மனம் ஜோவிடம் போகிறது.

அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? 1930-களில் சார்லி சான் என்ற சீனத் துப்பறிவாளராக நடித்தவர் ஸ்வீடனில் பிறந்த வார்னர் ஓலண்ட். வெள்ளையர், கறுப்பர் உறவைத் திரையில் காட்டக் கூடாது என்று தணிக்கை விதியே இருந்தது. ஆசியர்கள் விஷயத்திலும் ஸ்டூடியோக்கள் அதையே பிடித்துக்கொண்டன. 1956-இல்தான் அந்த விதி போனது.

படத்தில் ஒரு கெண்டோ போட்டி வரும். முகக்கவசம் போட்டுக்கொண்டு மூங்கில் வாளால் மோதுவார்கள். விளையாட்டாகத் தொடங்குவது, ஜோ கை மீறி நண்பனை அடித்து நொறுக்குவதில் முடிகிறது. அப்புறம் ஜோ தன் காதலைச் சொன்னதும் சார்லியின் முகம் மாறும். அந்த முகத்தில் ஜோவுக்குத் தெரிவது இனவெறி. இல்லை, அது வெறும் பொறாமைதான், நீதான் தப்பாகப் புரிந்துகொண்டாய் என்கிறது படம்.

இந்த இடத்தில் எனக்குப் படத்தோடு ஒத்துப்போகவில்லை. 1942-இல், ஜப்பானோடு போர் நடந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களை முள்கம்பிக்குள் அடைத்த நாடு அது. இந்தக் கதை நடக்கிற லிட்டில் டோக்கியோவே, லாஸ் ஏஞ்சல்ஸில் ஜப்பானியர்கள் வாழ்ந்த பகுதி, அப்போது காலியானது. அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் ஒரு பார்வையைக் கண்டு சந்தேகப்பட்டால், குற்றத்தை முழுக்க அவன் தலையில் கட்டுவது நியாயமா?

ஆனாலும் ஃபுல்லர் ஜோவை அமெரிக்கனாகத்தான் காட்டுகிறார். போரில் உயிர்விட்ட ஜப்பானிய அமெரிக்க வீரர்களின் நினைவுத்தூண் முன்னால் கேமராவை நிறுத்துகிறார். கடைசியில் திருவிழா ஊர்வலத்துக்கு நடுவே ஜோவும் கிறிஸும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள்.

சரி, இப்போது படத்தின் விளம்பர போஸ்டரைத் தேடிப் பாருங்கள். ஆம், ஓர் அழகிய அமெரிக்கப் பெண் ஒரு ஜப்பானியப் பையனின் அணைப்பில் இருக்கிறாள் என்று ஆச்சரியக்குறியோடு அச்சடித்திருக்கிறார்கள். அவள் அமெரிக்கப் பெண். அமெரிக்காவுக்காகக் கொரியாவில் சண்டை போட்டவன் ஜப்பானியப் பையன்.