தாந்தாமலையில் நான் செத்தது என்று சொன்ன பன்னம்

வணக்கம் உறவுகளே. இன்றைய காணொளியை ஒரு மன்னிப்போடுதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஆவணி மாதம் மட்டக்களப்பின் இதே தாந்தாமலையில் நின்று ஒரு காணொளி போட்டேன், நினைவிருக்கிறதா? கச்சான் காற்று முகத்தில் அடிக்க, இந்தப் பாறையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு செடியைக் காட்டி, "வெயிலில் காய்ந்து செத்துவிட்டது, பாவம்" என்று சொன்னேன். சொன்னதோடு நில்லாமல், அதில் ஒரு பழுப்பு இலையைப் பிய்த்தெடுத்து, கமராவுக்கு முன்னால் நொறுக்கியும் காட்டினேன். உயர்தரத்தில் உயிரியல் படித்தவன் செய்கிற வேலையா அது?

இப்போது மார்கழி. மழை கொட்டித் தீர்த்து மூன்று நாள் ஆகிறது. கொக்கட்டிச்சோலையில் இருந்து வரும் வழி முழுவதும் வயல்கள் பச்சை. இதோ, நான் செத்தது என்று சொன்ன செடி. பாருங்கள், எத்தனை இலை! ஒவ்வொன்றும் என் கை நீளத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது.

இது ஒரு பன்னம், பெரணி என்றும் சொல்வார்கள். பூக்காது, காய்க்காது, விதை கிடையாது. தமிழ்நாட்டில் இதை முடவாட்டுக்கால் கிழங்கு, ஆட்டுக்கால் கிழங்கு என்று சொல்கிறார்கள். ஏன் ஆட்டுக்கால்? கமராவைக் கீழே இறக்குகிறேன். பாறை வெடிப்பின் ஓரமாக, பெருவிரலை விடத் தடித்து, வளைந்து வளைந்து ஊர்ந்து போகிறது பாருங்கள், அதுதான் இதன் தண்டு. வேர்த்தண்டுக்கிழங்கு என்று பாடப்புத்தகம் சொல்லும். மேலெல்லாம் செம்பழுப்பு நிறத்தில் மயிர் போலத் தெரிகிறது அல்லவா? மயிர் இல்லை, மெல்லிய செதில்கள். தடவினால் ஆட்டின் முழங்காலைத் தடவுகிற மாதிரியேதான் இருக்கிறது. பெயர் வைத்தவர் ஆடு வளர்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

சரி, இனி என் பிழைக்கு வருகிறேன். இந்தச் செடியில் இரண்டு விதமான இலைகள் இருக்கின்றன. உயரமாக, காம்போடு, ஆழமாகப் பிளவுபட்டுப் பச்சையாக நிற்பது ஒரு விதம். கீழே, காம்பே இல்லாமல், தண்டை அணைத்தபடி சிப்பி போல நிற்கும் இந்தப் பழுப்பு இலை இன்னொரு விதம். கூடு போல இருப்பதால் இதைக் கூட்டு இலை என்கிறேன். நான் பிய்த்தது இதைத்தான்.

இந்தக் கூட்டு இலை முளைக்கும்போது பச்சைதான். கொஞ்ச நாளிலேயே பச்சையம் போய், பழுத்து, கடதாசி மாதிரி ஆகிவிடும். ஆனால் உதிராது. உயிர் போன பிறகுதான் அதன் உத்தியோகமே தொடங்குகிறது. காற்றில் வருகிற சருகு, தூசி, பூச்சி எச்சம் எல்லாவற்றையும் இந்தக் கிண்ணம் பிடித்து வைத்துக்கொள்ளும். அது உக்கி மண்ணாகும். அந்த மண்ணுக்குள் செடி தன் வேரை விடும். மழைநீரையும் அதுவே கொஞ்சநேரம் தாங்கி நிற்கும். தண்டின் மேல் நேராக வெயில் படாமலும் மறைக்கும். மொட்டைப் பாறையில் மண் எங்கே இருக்கிறது? இல்லாத இடத்தில் தன் மண்ணைத் தானே சேர்த்து வைக்கிறது இது.

கிட்ட வாருங்கள், ஒரு கிண்ணத்துக்குள் எட்டிப் பார்ப்போம். கை போடமாட்டேன், பயப்படாதீர்கள். பாலை மரத்துச் சருகு நாலைந்து, வீரை இலை ஒன்று, பல்லி எச்சம், ஒரு குட்டி நத்தை ஓடு. அடியில் தேயிலைச் சக்கை போலக் கறுத்த மண். அதில் எறும்பு. அந்த எறும்பு மேலே பச்சை இலைக்கும் போய் வருகிறது, கவனித்தீர்களா? இலையின் கீழ்ப்புறத்தில் இனிப்பு நீர் கசியும் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. பூவே இல்லாத செடியில் தேன்! அதைத் தேடித்தான் எறும்பு ஏறுகிறது.

அப்படியானால் ஆவணியில் நான் கண்டது என்ன? வரட்சி வந்ததும் உயர்ந்த பச்சை இலைகளை இந்தப் பன்னம் கழற்றி விட்டுவிடுகிறது. இலையின் பிளவுகள் நடு நரம்போடு பொருத்துப் போட்ட மாதிரிச் சேர்ந்திருப்பதால், ஒவ்வொன்றாகக் கழன்று விழும். மிஞ்சுவது ஈர்க்கில் போல நிற்கும் நடு நரம்பு மட்டும். கீழே செதில் போர்த்திய தண்டு மழைக்குக் காத்திருக்கும். நான் ஈர்க்கிலையும் பழுப்புக் கிண்ணத்தையும் பார்த்துவிட்டு மரணச் சான்றிதழ் எழுதியிருக்கிறேன்.

இனி, விஞ்ஞானிகள் இதற்கு வைத்த பெயர். 1753ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இதை பொலிபோடியம் குவெர்சிஃபோலியம் என்று எழுதினார். பொலிபோடியம் என்றால் கிரேக்கத்தில் பல கால்கள் உடையது. நம் ஆட்கள் ஆட்டுக்கால் என்றார்கள், ஐரோப்பாவில் பல கால் என்றார்கள். தண்டைப் பார்த்த எல்லோருக்கும் கால்தான் ஞாபகம் வந்திருக்கிறது. குவெர்சிஃபோலியம் என்றால் ஓக் இலை. எந்த இலை ஓக் இலை? நான் நொறுக்கிய அந்தப் பழுப்பு இலைதான். விளிம்பு மேலோட்டமாக மடல் மடலாக வெட்டுப்பட்டிருப்பது ஐரோப்பிய ஓக் இலையைப் போலவே இருக்கும்.

பிறகு 1841இல், கியூ தாவரவியல் பூங்காவில் இருந்த ஜோன் ஸ்மித் இதை பொலிபோடியத்தில் இருந்து எடுத்து டிரைனேரியா என்ற சாதிக்குள், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டத்துக்குள், வைத்தார். டிரைனேரியா என்ற சொல்லும் கிரேக்க மொழியில் ஓக் மரத்துக்கான சொல்லில் இருந்து வந்ததுதான். ஆக, டிரைனேரியா குவெர்சிஃபோலியா என்ற பெயரில் இரண்டு தடவை ஓக். நாம் நிற்கிற இந்தப் படுவான்கரையில் ஒரு ஓக் மரம் காட்டுங்கள் பார்ப்போம். எனக்கு ஆட்டுக்கால்தான் பிடித்திருக்கிறது.

ஏன் இடம் மாற்றினார்கள் என்று கேட்பீர்கள். லின்னேயஸ் காலத்தில் பன்னங்களைப் பிரிக்க அவர்கள் பெரும்பாலும் பார்த்தது இலையின் பின்பக்கப் புள்ளிகளைத்தான். வட்டப் புள்ளி இருந்தால் பொலிபோடியத்தில் போடு, அவ்வளவுதான். அந்தப் பெட்டிக்குள் ஒட்டும் உறவும் இல்லாத பல பன்னங்கள் போய்ச் சேர்ந்தன. பின்னால் வந்தவர்கள் நரம்பின் அமைப்பு, செதில், இருவகை இலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து அதைப் பிரித்தார்கள். குடும்பம் மட்டும் இன்றும் பொலிபோடியேசியேதான். இப்போது டிஎன்ஏ பார்க்கிற காலம். டிரைனேரியாவும் அக்லாவோமோர்பா என்ற இன்னொரு சாதியும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடப்பது அதில் தெரியவந்திருக்கிறது. அதனால் சிலர் நம் செடியை அக்லாவோமோர்பா குவெர்சிஃபோலியா என்றும் எழுதுகிறார்கள். தேடிப் பார்க்கிறவர்கள் இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

அந்தப் புள்ளிகளைக் காட்ட மறந்துவிட்டேன். இலையைத் திருப்புகிறேன், பிய்க்கவில்லை. பக்க நரம்புக்கும் அடுத்த பக்க நரம்புக்கும் இடையில் இரண்டிரண்டு வரிசையாக, தையல் இயந்திரத்தில் அடித்தது போல ஒழுங்காக இருக்கிறது பாருங்கள். ஒவ்வொரு புள்ளியும் வித்திக்கலன்களின் ஒரு கூட்டம். விதைக்குப் பதிலாகப் பன்னம் பரப்பும் தூள்தான் வித்தி, அது இருக்கும் பை வித்திக்கலன். பல பன்னங்களில் இதன் மேல் ஒரு மூடி இருக்கும், இதில் மூடி இல்லை.

போன கிழமை கீழே விழுந்து கிடந்த ஒரு இலைத்துண்டை வீட்டுக்குக் கொண்டுபோய், வெள்ளைத் தாளில் பின்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, மேலே ஒரு புத்தகம் வைத்தேன். மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால், இதோ அந்தத் தாள். வெளிர்மஞ்சள் தூளில் இரண்டிரண்டு வரிசைக் கோலம். அம்மா இதைத் தூசி என்று தட்டப் போனார், நல்லவேளை பார்த்துவிட்டேன்.

இந்தத் தூள் தானாக உதிர்வதில்லை, எறியப்படுகிறது. ஒவ்வொரு வித்திக்கலனையும் சுற்றித் தடித்த கலங்களால் ஆன ஒரு வளையம் ஓடும். காயக் காய அந்தக் கலங்களில் நீர் குறைந்து, வளையம் பின்னால் வளைந்து வில் போல இழுபடும். ஒரு கட்டத்தில் உள்ளே இருக்கும் நீர் தாங்காமல் குமிழி வெடிக்க, வளையம் படாரென்று பழைய நிலைக்குத் திரும்பும். சின்ன வயதில் கெற்றப்போலால் மாங்காய் அடித்திருப்பீர்களே, அதே வேலை. விழுந்த வித்தி ஈரமான இடத்தில் முளைத்தால், இதய வடிவில் நகத்தளவு பச்சைத் தகடு ஒன்று வரும். அதில்தான் ஆண் கலமும் பெண் கலமும் உண்டாகும். ஆண் கலம் நீந்தித்தான் போக வேண்டும். இந்தப் பாறையில் குடியேறிய ஒரு செடிக்குக் கலியாணம் நடக்க மழைத்தண்ணீர் ஒரு படலமாவது வேண்டும்.

முழங்கால் வலிக்கு இந்தக் கிழங்கில் சூப் வைக்கலாமா என்று நிச்சயம் கேட்பீர்கள். கொல்லிமலைப் பக்கம் விற்கிறார்கள், குடிக்கிறார்கள். நான் வைத்தியன் இல்லை. ஆனால் ஒரு கிழங்கைப் பிடுங்கினால், அது பல வருடமாகச் சேர்த்த மண்ணும் அடுத்த மழையில் கழுவிப் போய்விடும். எனவே இந்த மலை எது, எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்று வழி கேட்டால் சொல்லமாட்டேன். அடடா, தலைப்பிலேயே போட்டுவிட்டேன்.

கீழே கோயில் பக்கம் இருந்த ஐயா, "தம்பி, நாலரைக்கு முன்னம் இறங்கிவிடுங்கள், யானை வரும்" என்றார். மணி நாலாகிறது. போகும் முன் ஒன்றைக் காட்ட வேண்டும். ஆவணியில் நான் இலை பிய்த்த இடம் இதுதான், தண்டில் தழும்பு தெரிகிறது. அங்கிருந்து நாலு விரல் தள்ளிப் பாருங்கள். புதிய கூட்டு இலை, இன்னும் பச்சை, என் உள்ளங்கை அளவுதான். உள்ளே ஒரே ஒரு பாலை இலை விழுந்து கிடக்கிறது.