சைக்கிளை முந்தும்போது எவ்வளவு இடம் விடணும்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்னைக்குப் பத்து கேள்வி எடுத்து வெச்சிருந்தேன். ஆனா அதுல ஒரு கேள்வி ரெண்டு நாளா மண்டையைக் குடையுது, அதை மட்டும் பேசிடறேன். ஒரு நண்பர் கேட்டிருக்கார்: "ஊருக்கு வெளியே குறுகலான ரோட்டுல தினமும் கார்ல போறேன். சைக்கிளை முந்தும்போது எவ்வளவு இடைவெளி விடணும்? சில பேர் ஜோடி போட்டுக்கிட்டுப் போறாங்க, ஹாரன் அடிச்சாலும் ஒதுங்க மாட்டேங்கறாங்க. என்ன பண்றது?"

முதல் பாதிக்குப் பதில் சுலபம். குறைஞ்சது 1.5 மீட்டர். பிரான்ஸ்ல ஊருக்கு வெளியே இதுதான் சட்டம். ஜெர்மனியில 2020-லேர்ந்து ஊருக்கு வெளியே 2 மீட்டர். பிரிட்டன்ல 2022-ல திருத்தின சாலை விதியில, மணிக்கு 30 மைல் வரைக்கும் 1.5 மீட்டர், அதுக்கு மேல வேகம்னா இன்னும் தள்ளிப் போகச் சொல்றாங்க.

சரி, 1.5 மீட்டரை எங்கேர்ந்து அளக்கறது? இங்கேதான் எல்லாரும் ஏமாறுறோம். ஓட்டக் கத்துக்க வந்த ஒரு தம்பியை வெச்சு காலி மைதானத்துல ஒரு சோதனை பண்ணினேன். ஆளே இல்லாம ஒரு சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திட்டு, பக்கத்துல சுண்ணாம்புக் கோடு போட்டேன். "1.5 மீட்டர் விட்டுப் போப்பா"ன்னேன். போயிட்டு வந்து, "தாராளமா விட்டேன் சார்"ங்கறார். டயர் தடத்துலேர்ந்து டேப் வெச்சு அளந்தா 90 சென்டிமீட்டர்! அதுவும் சைக்கிள் சக்கரத்துலேர்ந்து. ஹேண்டில்பார் பாதி அகலம் 30 சென்டிமீட்டர் போச்சா, காரோட சைடு மிரர் வெளியே நீட்டிக்கிட்டிருக்கறது ஒரு 20 போச்சா, மிச்சம் 40. ஒரு முழம்கூட இல்லை.

அந்தத் தம்பி மேல தப்பு இல்லை. பெரும்பாலும் எந்த நாட்டுலயும் டிரைவர் சீட்டு ரோட்டோட நடுப்பக்கம், சைக்கிள் போறது மறுபக்க ஓரம். நமக்குக் கண்ணு சரியா மட்டுப்படாத பக்கத்துலதான் எப்பவுமே சைக்கிள் வரும். அதனால நான் மீட்டர் கணக்கெல்லாம் சொல்றதில்லை. நான் சொல்றது இதுதான்: ஒரு காரை முந்தினா எவ்வளவு வெளியே போவீங்களோ, சைக்கிளுக்கும் அவ்வளவு போங்க. எதிர்ப்பக்கத் தடத்துக்குப் போயிடுங்க. பாதி உள்ளே பாதி வெளியே வேண்டாம்.

இப்போ அந்த "ஒதுங்க மாட்டேங்கறாங்க". இந்த வார்த்தைதான் என்னைக் குடையுது. ஒதுங்கறதுக்கு அங்கே என்ன இருக்கு? தார் முடியற இடத்துல ஒரு சாண் இறக்கம், அதுக்கு அந்தப்பக்கம் மணலும் சரளையும். கார் டயருக்கு அது ஒண்ணுமே இல்லை. ரெண்டு விரல் அகல டயருக்கு அதுல இறங்கினா சறுக்கல்தான். முதுகுக்குப் பின்னாடி திடீர்னு ஹாரன் அலறினா மனுஷன் திரும்பிப் பார்ப்பான். தலை எந்தப்பக்கம் திரும்புதோ ஹேண்டிலும் அந்தப்பக்கம் கொஞ்சம் போகும். அதாவது உங்க வண்டி பக்கம். உங்க இன்ஜின் சத்தம் அவருக்கு எப்பவோ கேட்டாச்சுங்க.

ஜோடியாப் போறது? அது உங்களுக்கு லாபம். பத்து பேர் ஒத்தை வரிசையில போனா நீங்க தாண்ட வேண்டிய நீளம் ரெண்டு மடங்கு. எப்படியும் எதிர்த் தடத்துக்குப் போகத்தான் போறீங்க, அப்புறம் ஒருத்தர் போனா என்ன, ரெண்டு பேர் போனா என்ன?

நண்பர் "எவ்வளவு இடம்"னு கேட்டார். "எப்போ"ன்னு கேட்டிருந்தா எனக்கு இன்னும் சந்தோஷமா இருந்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க. நீங்க 60-ல போறீங்க, சைக்கிள் 20. 20 மீட்டர் பின்னாலேயே வெளியே எடுத்து, 20 மீட்டர் தாண்டி உள்ளே வரணும். வண்டி நீளத்தையும் சேர்த்தா 45 மீட்டர் கிட்ட. வித்தியாசம் 40 கிலோமீட்டர், விநாடிக்கு 11 மீட்டர். ஆக 4 விநாடி எதிர்ப்பக்கம் இருக்கீங்க. அதுக்குள்ள நீங்க 67 மீட்டர் போயிடுவீங்க. எதிர்ல ஒருத்தர் அதே 60-ல வந்தா அவரும் 67. 130 மீட்டருக்கு மேல காலியா தெரியணும், அதுவும் மயிரிழையில தப்பிக்கறதுக்கு! நிம்மதியா முந்த 200 வேணும். வளைவுலயும் மேட்டுலயும் அது தெரியாது. தெரியாத ரோட்டை நம்பி வெளியே எடுக்காதீங்க.

தெரியலைன்னா பின்னாடி இருங்க. எவ்வளவு நேரம் போயிடும்? அரை நிமிஷம் அவர் பின்னாடி 20-லயே உருட்டினா 167 மீட்டர் போவீங்க. அதையே 60-ல போனா 10 விநாடி. நஷ்டம் 20 விநாடி, அவ்வளவுதான். பின்னாடி போகும்போது ஒட்டிக்கிட்டுப் போகாதீங்க. தள்ளி இருந்தா, அவருக்கு முன்னால இருக்கற பள்ளம் உங்களுக்கும் தெரியும். பள்ளம் வந்தா அவர் நடுப்பக்கம் வளைவார், அந்த நேரம் பார்த்து நீங்க முந்தக் கூடாது. உங்க பின்னாடி வர்றவருக்குச் சைக்கிள் தெரியவே தெரியாது, அதனால இண்டிகேட்டரைக் கொஞ்சம் முன்கூட்டியே போடுங்க.

லாரி, பஸ் ஓட்டறவங்களுக்கு ஒண்ணு. பக்கக் காத்து அடிக்கற நாள்ல சைக்கிள்காரர் காத்துப் பக்கமா சாய்ஞ்சுதான் ஓட்டுவார். காத்து வர்ற பக்கம் உங்க வண்டி வந்து அதை மறைச்சதும், சாய்ஞ்ச மனுஷன் உங்க மேலேயே விழற மாதிரி வருவார். வண்டி தாண்டினதும் காத்து பொளேர்னு அறையும், எதிர்ப்பக்கம் தள்ளும். எனக்கே ஒரு தடவை அப்படி ஆகி, செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். லாரி டிரைவருக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது, போயிட்டார்.

டிரெய்லர் இழுக்கறவங்க இன்னொண்ணும் கவனிங்க. முன் வண்டி தாண்டினதும் உள்ளே திரும்பினா பின் சக்கரம் குறுக்கே வெட்டும். சைக்கிள் முழுசா, ரெண்டு சக்கரமும், உங்க மிரர்ல தெரியற வரைக்கும் ஸ்டியரிங்கைத் திருப்பாதீங்க.